மொபைல் நம்பர்தான் வீட்டு வைஃபை பாஸ்வேர்ட்: இது போதாதா?

கீழ்வீடு | 8 நவம்பர் 2025, இரவு 9:40

ஃபைபர் லைன் இழுத்துக் கொடுத்த கேபிள்காரர் என் மொபைல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போனார். பத்து இலக்கம், யாரும் ஊகிக்க முடியாது என்பது என் கட்சி. மேல்வீட்டுப் பையன் வைஃபை பேரை மறைக்கணும், ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் என்ற அடையாள எண்ணைப் பார்த்து உள்ளே விடும் மேக் ஃபில்டர் போடணும் என்கிறான். லேப்டாப்பில் இலவச ஆன்டிவைரஸ் இருக்கு. மூன்று செல், ஒரு டிவி, வாசலில் ஒரு கேமரா, அவ்வளவுதான் வீட்டில். இதுக்கு மேல என்ன பண்ணணும்?

ஒளிக்கம்பி | 8 நவம்பர், இரவு 10:25

பையன் சொன்ன இரண்டும் வேண்டாம்.

பேரை மறைத்தால் ரவுட்டர் வாயை மூடிக்கொள்ளும், அந்த வேலையை உங்கள் செல் எடுத்துக்கொள்ளும். போகிற இடமெல்லாம் "அந்தப் பேர் இருக்கா, இருக்கா" என்று கேட்டுக்கொண்டே போகும். மேக் எண் காற்றில் மறைப்பில்லாமல்தான் போகிறது. கேட்கத் தெரிந்தவன் அதை அப்படியே நகலெடுத்துக்கொள்வான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் செல்லே ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் எண்ணைக் காட்டுகிறது. செல் வந்த பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பட்டியலில் ஏற்றினால் உங்கள் செல்லே உள்ளே வராது. இரண்டு நாள் அல்லாடிவிட்டு ஃபில்டரை அணைத்துவிடுவீர்கள்.

மொபைல் நம்பர் விஷயம். செல் ரவுட்டரோடு சேரும்போது ஒரு கைகுலுக்கல் நடக்கும். வாசலில் நிற்கிறவன் அதைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போய், உங்கள் ரவுட்டரைத் தொடாமலேயே பாஸ்வேர்டைத் தேடலாம். மூன்று தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும் கதையெல்லாம் இங்கே கிடையாது. நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு ஒன்று டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் செகண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பாஸ்வேர்டைச் சோதிக்கும். பத்து இலக்கம் என்றால் ஆயிரம் கோடி. வகுத்தால் பத்தாயிரம் செகண்ட். மூன்று மணி நேரம்கூட ஆகாது.

எண்சுவடி | 8 நவம்பர், இரவு 11:02

கணக்கில் தாராளம் காட்டிவிட்டீர்கள். இந்திய மொபைல் நம்பர் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். ஆக 400 கோடி. 4,000 செகண்ட், ஒரு மணி ஏழு நிமிஷம். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் நம்பர் இருக்கிறது என்றால் பூஜ்யம் செகண்ட்.

ஒளிக்கம்பி | 9 நவம்பர், காலை 6:50

சரிதான், 400 கோடி.

அப்போ என்ன போடுவது? இந்தப் பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை போகலாம். குறியீடுகளைத் திணித்து விருந்தாளியை அழவைக்க வேண்டாம். குருட்டுவாக்கில் எடுத்த சொற்களை வரிசையாக அடுக்கினால் போதும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, லூடோ டைஸை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். அதே கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்தால்:

இரண்டு சொல்: ஒரு நிமிஷம்.
மூன்று சொல்: ஐந்தரை நாள்.
நான்கு சொல்: நூற்றுப்பதினாறு வருஷம்.

கார்டு பத்து வைத்திருப்பவன் பன்னிரண்டு வருஷத்தில் முடிப்பான். உங்கள் வீட்டு வைஃபைக்காக யாரும் அவ்வளவு மின்கட்டணம் கட்ட மாட்டார்கள், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றால் ஐந்தாவது சொல்லையும் சேருங்கள்.

சொல்லை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளை பேர், குலதெய்வம், ஊர், பிறந்த வருஷம் என்றுதான் மனசு போகும். குறளின் முதல் அடியும் அதே ரகம், எல்லாருக்கும் தெரிந்த வரி எல்லாப் பட்டியலிலும் இருக்கும்.

எண்சுவடி | 9 நவம்பர், காலை 7:15

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ழ வரும் சொல் வேண்டாம். ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். நெடிலுக்கு ஒரு ஏ-யா இரண்டு ஏ-யா என்பது அடுத்த பஞ்சாயத்து. "படகு" என்ற சொல்லுக்கே வீட்டில் மூன்று ஸ்பெல்லிங் கிடைக்கும். எதைப் போட்டாலும் எழுத்து எழுத்தாகத் தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பீரோவைத் திறக்க முடிந்தவனுக்கு வைஃபை தேவைப்படாது.

ஒளிக்கம்பி | 9 நவம்பர், காலை 10:30

இப்போது ரவுட்டர் பெட்டிக்குள் போவோம். அரை மணி நேர வேலை. எல்லாரும் வீட்டில் சீரியல் பார்க்கும் நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

முதலில், வீட்டில் வைஃபையில் தொங்கும் எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். செல்லும் லேப்டாப்பும் ஞாபகம் வரும். டிவி, பிரிண்டர், வாசல் கேமரா, சோலார் இன்வெர்ட்டரின் டாங்கிள், ஸ்மார்ட் பிளக் ஆகியவைதான் மறந்துபோகும். பாஸ்வேர்டை மாற்றினால் அத்தனையும் ஒரே சமயத்தில் துண்டிக்கப்படும்.

லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் மாட்டுங்கள். வைஃபையில் இருந்துகொண்டே வைஃபையை மாற்றினால், சேமித்ததும் உங்களையும் வெளியே தள்ளிவிடும். பிரவுசரில் 192.168.1.1 அடியுங்கள். ஜியோ ஃபைபர் பெட்டி என்றால் 192.168.29.1. இரண்டும் வரவில்லை என்றால் செல்லில் வைஃபை விவரத்தைத் திறந்து "கேட்வே" என்ற எண்ணைப் பாருங்கள், அதுதான் முகவரி. உள்ளே போகும் பேரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

உள்ளே போனதும் எதையும் தொடாமல், வெளி இணைப்பு விவரம் இருக்கும் "வான்" என்ற பக்கத்தைத் திறந்து செல்லில் போட்டோ எடுங்கள். நெட் கொடுப்பவரோடு பெட்டி சேரத் தேவையான பிபிபிஓஇ பயனர் பேர், விலான் எண் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எதற்கு என்பதை அடுத்து சொல்கிறேன்.

பிறகு இந்த வரிசையில்: அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, வேறு. பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனை அழுத்தியோ பின் நம்பர் போட்டோ வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்-ஐ அணையுங்கள். வைஃபை பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், அல்லது டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு. டிகேஐபி, டபிள்யூஇபி ஆகியவை ஓட்டையான பழைய முறைகள், அவற்றைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். வெளியிலிருந்து அட்மின் பக்கத்தைத் திறக்கும் வசதி, ரிமோட் மேனேஜ்மென்ட் என்றிருக்கும், அது அணைந்திருக்க வேண்டும். கடைசியாகத்தான் வைஃபை பாஸ்வேர்டு.

ஒளிக்கம்பி | 9 நவம்பர், காலை 10:41

போட்டோ ஏன் என்றால்: ஏதோ தப்பாகிவிட்டது என்று குண்டூசியை ரீசெட் ஓட்டையில் விட்டுப் பத்து செகண்ட் அழுத்துவார்கள். சாதாரண ரவுட்டரில் அது பரவாயில்லை. ஃபைபர் பெட்டியில் அந்த அழுத்தலோடு பயனர் பேர், விலான், சில பெட்டிகளில் லைனோடு பதிவு செய்துவைத்த அடையாளமும் சேர்ந்து அழிந்துவிடும். நெட் வராது. கேபிள்காரர் வந்தால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

விளக்கைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பி மடங்கியிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது, உங்கள் கைவேலை அல்ல. பான் விளக்கு நிற்காமல் மினுக்கினால் பதிவு போய்விட்டது. இரண்டும் ஒழுங்காக இருந்து நெட் மட்டும் இல்லையென்றால் பயனர் பேரும் விலானும். போட்டோவைப் பார்த்து நீங்களே திரும்பப் போடலாம்.

கீழ்வீடு | 9 நவம்பர், மதியம் 1:10

டபிள்யூபிஎஸ் பட்டன் வசதியாத்தானே இருக்கு? பிரிண்டரை அதை அழுத்தித்தான் சேர்த்தேன்.

ஒளிக்கம்பி | 9 நவம்பர், மதியம் 1:32

பட்டனில் பெரிய தப்பில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் எட்டு இலக்க பின் நம்பர்தான் வில்லன். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி என்று தோன்றும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், அது மற்றவற்றிலிருந்து வந்துவிடும். மீதி ஏழையும் ரவுட்டர் இரண்டு துண்டாகச் சோதிக்கும். முதல் நாலு சரியா என்று தனியாகச் சொல்லிவிடும், பிறகு அடுத்த மூன்று. ஆக 10,000 கூட்டல் 1,000. மொத்தம் 11,000 முயற்சி. இது வெளியே வந்தது 2011 டிசம்பரில். நீங்கள் நூற்றுப்பதினாறு வருஷப் பாஸ்வேர்டு போட்டாலும் இந்தப் பக்கவாசல் வழியாகச் சில மணி நேரத்தில் உள்ளே வரலாம். புதிய பெட்டிகள் சில தவறான முயற்சிக்குப் பிறகு பூட்டிக்கொள்கின்றன. உங்கள் பெட்டி புதுசா பழசா என்று ஆராய்வதைவிட அணைப்பது சுலபம்.

எண்சுவடி | 9 நவம்பர், இரவு 8:20

கேமராவை விட்டுவிட்டீர்களே. வீட்டில் இருப்பதிலேயே ஓட்டையான சாமான் அதுதான்.

ஒளிக்கம்பி | 9 நவம்பர், இரவு 9:05

வந்துகொண்டிருந்தேன்.

2016-இல் மிராய் என்று ஒரு தீய நிரல் பரவியது. பெரிய சாமர்த்தியம் ஒன்றும் அதில் இல்லை. கேமரா, கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆர், ரவுட்டர்களில் கம்பெனி போட்டு அனுப்பும் பேர்-பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு கண்ட பெட்டியையெல்லாம் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். லட்சக்கணக்கில் திறந்தன. அது பெட்டியின் ரேமில்தான் குடியிருக்கும். கரண்டை நிறுத்திப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் சில நிமிஷங்களில் திரும்ப வந்து உட்காரும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன் சார், சரியாயிடுச்சு" என்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது: கேமரா ஆப்பிலும் டிவிஆரிலும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக மாட்டியவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து கேமராவுக்கு நேரடித் திறப்பு, போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். 554, 8000, 37777 போன்ற எண்கள் அந்தப் பக்கத்தில் தெரிந்தால் அதுதான். ஆப்பில் கியூஆர் ஸ்கேன் செய்து பார்க்கிற வழிக்கு இந்தத் திறப்பு வேண்டாம். யுபிஎன்பி-யையும் அணையுங்கள். அது உள்ளே இருக்கும் சாமான் எதுவும் உங்களைக் கேட்காமல் கதவைத் திறந்துகொள்ளும் ஏற்பாடு. பையன் பிளேஸ்டேஷனில் விளையாடினால் சண்டைக்கு வருவான். அப்போது அந்த விளையாட்டுக்கு மட்டும் கையால் திறந்து கொடுக்கலாம்.

கேமராவையும் டிவியையும் கெஸ்ட் வைஃபையில் போடுங்கள். கெஸ்டில் இருப்பது உங்கள் லேப்டாப்பைப் பார்க்க முடியாது. அதே காரணத்தால் செல்லிலிருந்து டிவிக்கு வீடியோ தள்ளுவதும் நின்றுவிடும். டிவியை உள்ளே வைத்துக்கொண்டு கேமராவை மட்டும் ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

எண்சுவடி | 9 நவம்பர், இரவு 9:30

போர்ட் ஃபார்வர்டிங் இங்கே முக்கால்வாசி வீட்டில் வேலையே செய்யாது. ஒரே பொது ஐபியை, அதாவது இணைய முகவரியை, நூறு வீட்டுக்குப் பங்கு போட்டுத்தானே கொடுக்கிறார்கள். ரவுட்டரின் வான் பக்கத்தில் தெரியும் ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால் அந்தப் பங்குதான். வெளியிலிருந்து யாரும் வரவே முடியாது. இலவசச் சுவர்.

ஒளிக்கம்பி | 10 நவம்பர், காலை 6:40

ராத்திரி இதை ஒத்துக்கொள்ள இருந்தேன். காலையில் யோசித்தால் பாதிதான் சரி. அந்தச் சுவர் பழைய ஐபி முறைக்கு மட்டும். புது முறையான ஐபிவி6-இல் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும் உலகம் பார்க்கும் சொந்த முகவரி வந்துவிடுகிறது, பங்கு கிடையாது. அங்கே தடுப்பது ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் ஒன்றுதான். செக்யூரிட்டி பக்கத்தில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். "ஸ்பீடு வரலை" என்று எவரோ அணைத்துவிட்டுப் போயிருந்தால் தெரியாது.

இன்னொன்று, டிஆர்-069 என்ற வரியைப் பார்த்துப் பயந்து அணைக்காதீர்கள். நெட் கொடுப்பவர் அதன் வழியாகத்தான் பெட்டிக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது உள் மென்பொருள், தள்ளுகிறார். அதிலும் ஓட்டை வரும்: 2016 நவம்பரில் ஜெர்மனியில் அந்த வழியாக, 7547 போர்ட்டில், நடந்த தாக்குதலில் ஒன்பது லட்சம் வீடுகளுக்கு நெட் போனது. ஆனால் அவர் பெட்டியை நீங்களாக அப்டேட் செய்ய முடியாது என்கிறபோது, அப்டேட்டே இல்லாமல் ஐந்து வருஷம் ஓட்டுவது அதைவிட மோசம்.

கீழ்வீடு | 10 நவம்பர், காலை 8:15

பொண்ணு ஆறாவது படிக்கிறா. கண்டது வராம இருக்க ஏதாவது?

ஒளிக்கம்பி | 10 நவம்பர், காலை 8:50

ரவுட்டரில் டிஹெச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் என்ற இரண்டு பெட்டி இருக்கும், தளத்தின் பேரை முகவரி எண்ணாக மாற்றித் தருவது அது. முதலில் 1.1.1.3, இரண்டாவதில் 1.0.0.3. இது கிளவுட்ஃப்ளேரின் குடும்ப டிஎன்எஸ்: வைரஸ் தளமும் ஆபாசத் தளமும் திறக்காது. ஆபாசத்தைத் தடுக்க வேண்டாம், மோசடித் தளம் போதும் என்றால் குவாட்9-இன் 9.9.9.9. இரண்டாவது பெட்டியில் மட்டும் தடுப்பு இல்லாத கூகுளின் 8.8.8.8 போட்டு வைக்காதீர்கள். அது உபரி இல்லை. செல் எதை வேண்டுமானாலும் கேட்கும், பாதி நேரம் தடுப்பு இருக்காது. மாற்றிய பிறகு செல்லின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் செல்லிலேயே ப்ரைவேட் டிஎன்எஸ் உண்டு. அங்கே எண்ணை அடித்தால் ஏற்காது, பேர்தான் வேண்டும். குவாட்9-க்கு: டிஎன்எஸ் புள்ளி குவாட்9 புள்ளி நெட், ஆங்கில எழுத்தில்.

இது ஒரு கொசுவலை. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குத் தாவினால் ரவுட்டர் தடுப்பு போச்சு. ஆறாவது படிக்கும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்கும். யூடியூபுக்குள் வருவதையும் டிஎன்எஸ் தடுக்காது. அதற்கு கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டு, ஆப் நிறுவ உங்கள் அனுமதி கேட்கும்படி வையுங்கள்.

ஒளிக்கம்பி | 10 நவம்பர், இரவு 10:15

ரவுட்டரைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டு ஒரு உறுத்தல். வீட்டுக்காரர்களுடைய பணம் போகிற வழி அது இல்லை. பக்கத்து வீட்டான் வைஃபையை உடைத்தால் ஓசி நெட் போகும், மாதக் கடைசியில் ஸ்பீடு குறையும். சேமிப்புக் கணக்கு காலியாவது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ஃபைலால்.

போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில் பாக்கி, இப்படி எந்த வேஷத்திலும் வரும். பேரின் கடைசியில் ஏபிகே என்றிருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வர வேண்டும். ஏபிகே என்பது ஆப். அனுப்பியது சொந்த அத்தை மகனாக இருந்தாலும் நம்பாதீர்கள், அவர் செல் ஏற்கெனவே மாட்டியிருக்கும், அதுவாகவே எல்லாருக்கும் அனுப்பும். நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எல்லாம் அங்கே போகும், ஐகானை மறைத்துக்கொள்ளும்.

இப்போதே செய்யலாம்: செட்டிங்ஸ் திறந்து மேலே தேடலில் "அன்னோன் ஆப்ஸ்" என்று அடியுங்கள். வரும் பட்டியலில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் எல்லாம் "நாட் அலவுட்" என்றிருக்க வேண்டும். அப்பா அம்மா செல்லில் முதலில் பாருங்கள். முழு இழையிலும் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள், ரவுட்டர் காத்திருக்கட்டும்.

மாடிப்படி | 11 நவம்பர், காலை 7:05

அம்மா செல்லில் "உங்கள் போனில் 13 வைரஸ்" என்று மணிக்கொரு தடவை வருகிறது. ஆன்டிவைரஸ் போட்டும் போகவில்லை.

ஒளிக்கம்பி | 11 நவம்பர், காலை 7:20

வைரஸ் இல்லை. ஏதோ தளத்தில் "ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்தவும்" என்று கேட்டிருக்கும், அம்மா அழுத்தியிருப்பார். குரோம், செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதித்த பட்டியலில் தெரியாத தளம் அத்தனையும் நீக்குங்கள். அடுத்த தளம் கேட்கவே கூடாதென்றால் மேலே உள்ள சுவிட்சையே அணையுங்கள். அந்த அறிவிப்பைத் தொட்டால்தான் ஆபத்து, வந்ததால் இல்லை.

எண்சுவடி | 11 நவம்பர், மதியம் 12:40

பணம் என்று வந்துவிட்டதால்: யுபிஐ-யில் ஆளிடமிருந்து ஆள் பணம் கேட்கும் கலெக்ட் ரிக்வெஸ்ட் 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டுவிட்டது. கடைக்காரர் கேட்பது மட்டும் உண்டு. ஆனால் கியூஆர் அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்கிற ஆள் இன்னும் இருக்கிறான். பணம் வர பின் நம்பர் வேண்டாம். பின் நம்பர் கேட்கும் பெட்டி தெரிந்தால் அது போகிற பணம்.

வங்கித் தளங்கள் எல்லாம் "பேங்க் புள்ளி இன்" என்று முடியும் முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி வைத்த கெடு 31 அக்டோபர் 2025. இனி அப்படி முடியாத ஒன்று வங்கி என்று சொல்லிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டால் மூடிவிடுங்கள். கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுபொறியில் தேடாதீர்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருக்கிறது.

ஒளிக்கம்பி | 11 நவம்பர், இரவு 9:10

மேலே உள்ளதையெல்லாம் படித்தும் பணம் போய்விட்டது என்றால். வரிசை முக்கியம்.

செல்லை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வேறு செல்லிலிருந்து சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கையில் வைத்திருக்க வேண்டியவை: எந்தக் கணக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யுபிஐ என்றால் 12 இலக்க யுடிஆர் என்ற பரிவர்த்தனை எண். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும், எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கே பிடித்து வைக்கச் சொல்வதுதான் 1930-இன் வேலை. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் அவசரம். அடுத்து வங்கி. பிறகு சைபர்கிரைம் புள்ளி ஜிஓவி புள்ளி இன் தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார், ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 6 ஜூலை 2017 சுற்றறிக்கைப்படி, தப்பு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நீங்களே ஓடிபி-யோ பின்னோ கொடுத்திருந்தால் சொல்லும் வரை போனது உங்கள் தலையில், சொன்ன பிறகு போவது வங்கி தலையில். கொடுத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு ஒரு ராத்திரி சும்மா இருந்தால் அந்த ராத்திரிக்குத்தான் செலவு.

எண்சுவடி | 11 நவம்பர், இரவு 9:48

ஏரோப்ளேன் மோட் போதாது. ஏரோப்ளேன் மோடிலும் வைஃபையை ஒருதடவை ஆன் பண்ணியிருந்தால், ஆண்ட்ராய்டு செல் பலதும் அதை ஞாபகம் வைத்து அடுத்த முறை வைஃபையை ஆனிலேயே விட்டுவிடும். வீட்டு வைஃபையில் அந்த ஆப் ஜாலியாக வேலை செய்யும்.

ஒளிக்கம்பி | 11 நவம்பர், இரவு 9:55

ஆமாம், விட்டுவிட்டேன். ஏரோப்ளேன் மோட் போட்ட பிறகு செல்லின் வைஃபை ஐகானையும் பார்த்து அணையுங்கள். சந்தேகமாக இருந்தால் ரவுட்டர் சுவிட்சையே தட்டுங்கள்.

உடனே ரீசெட் செய்யாதீர்கள், ஆதாரம் போய்விடும். வந்த மெசேஜ், நம்பர், ஆப் பேர், எல்லாவற்றையும் இன்னொரு செல்லால் போட்டோ எடுத்த பிறகு ரீசெட். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தால் அந்த ஆப் டிவைஸ் அட்மின் உரிமை வாங்கியிருக்கிறது, முதலில் அதை எடுக்க வேண்டும். எடுக்கப் போனால் பக்கத்தை மூடிக்கொண்டே இருந்தால் வெளியிலிருந்து நிறுவிய ஆப் ஓடாத சேஃப் மோடில் போய் எடுங்கள்: பவர் ஆஃப் என்பதை நீண்ட நேரம் அழுத்தினால் பல செல்களில் சேஃப் மோட் கேட்கும். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள், அந்த செல்லிலிருந்தே மாற்றினால் புதுசும் போகும்.

மாடிப்படி | 12 நவம்பர், காலை 6:30

பாஸ்வேர்டெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

ஒளிக்கம்பி | 12 நவம்பர், காலை 7:00

சிரிப்பவர்கள் எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கும் நோட்டை ரஷ்யாவிலிருந்து எவனும் படிக்க முடியாது. ஒவ்வொன்றும் வேறாக இருக்கிறதா என்பதே கேள்வி. பாஸ்வேர்டுகளைச் சேமித்து நிரப்பும் பிட்வார்டன், கீபாஸ் போன்ற ஆப் பழகினால் இன்னும் சௌகரியம், போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது. யுபிஐ பின் மட்டும் நோட்டிலும் வேண்டாம்.

ஜிமெயிலுக்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு போட்டு, பத்து பேக்கப் கோடையும் அதே நோட்டில் எழுதுங்கள். மீட்பு நம்பராகப் பழைய சிம் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாளுக்குப் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம்.

எண்சுவடி | 12 நவம்பர், காலை 7:25

லேப்டாப் இலவச ஆன்டிவைரஸ் பற்றி யாரும் பேசவில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும், அந்த இலவசம் விளம்பரம் காட்டத்தான். ஆனால் கிராக் போட்ட, அதாவது பூட்டை உடைத்த திருட்டு, ஆபீஸ், போட்டோஷாப் வேண்டவே வேண்டாம். கிராக்கைப் போடும் முன் "ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று எழுதியிருக்கும், கதவைத் திறந்து வைக்கச் சொல்கிற திருடன். அது, நீங்கள் லாகின் ஆகியிருப்பதை ஞாபகம் வைக்கும் பிரவுசரின் குக்கீயைத் தூக்கிப்போகும். குக்கீ போனால் ஓடிபி இல்லாமலே உங்கள் ஜிமெயிலுக்குள் உட்காரலாம். அப்படியானால் பாஸ்வேர்டை மாற்றுவதோடு "எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்த வேண்டும்.

விண்டோஸ் 10 என்றால் 14 அக்டோபர் 2025-ஓடு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்புக்கு 13 அக்டோபர் 2026 வரை நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அந்த இணைப்பு வரும்.

கீழ்வீடு | 15 நவம்பர், மாலை 6:10

எல்லாம் செஞ்சாச்சு. ஐந்து சொல். கேமரா மட்டும் சேர மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புங்குது, நாலு தடவை பார்த்து அடிச்சேன்.

ஒளிக்கம்பி | 15 நவம்பர், மாலை 6:22

டபிள்யூபிஏ3 மட்டும் என்று போட்டிருப்பீர்கள். பழைய கேமராவுக்கு அது தெரியாது, தெரியாது என்று சொல்லவும் தெரியாமல் பாஸ்வேர்டு தப்பு என்று புலம்பும். கெஸ்ட் வைஃபையை டபிள்யூபிஏ2-வில் வைத்து அதில் சேருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் செல் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், கேமரா 2.4-இல் மட்டும் பேசும். சேர்க்கும் நேரத்துக்கு 5-ஐ அணைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். பாஸ்வேர்டில் இடைவெளி விட்டிருந்தாலும் சில கேமரா விழிக்கும்.

கீழ்வீடு | 15 நவம்பர், இரவு 7:45

இடைவெளிதான். சேர்ந்துருச்சு. கேபிள்காரர் வேற காலையில போன் பண்ணி "சார், நான் போட்ட பாஸ்வேர்டு மாறியிருக்கே" என்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்?

எண்சுவடி | 15 நவம்பர், இரவு 7:52

வாசலில் வண்டியை நிறுத்தினால் அவர் செல் தானாகச் சேருமே, இத்தனை நாள் உங்கள் நெட்டில்தான் ரீல்ஸ் பார்த்திருப்பார்.